பாஷாணம் எந்தப் புற்றுக்கு மருந்து?

ஆம்பூர் வாசகர் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை அனுப்பிக் கேட்டிருக்கிறார்: "பாஷாணம் எல்லாப் புற்றுநோயையும் தீர்க்கும்னு வேலூர் சிஎம்சியே நிரூபிச்சிருக்காமே, நிஜமா?" கால்வாசி நிஜம். சுவாரசியமும் அந்தக் கால்வாசியில்தான்.

சிஎம்சியில் மருத்துவர்கள் விக்ரம் மேத்யூஸ், மேமன் சாண்டி உள்ளிட்டோர் 1998 முதல் 2004 வரை 72 பேருக்குப் பாஷாணத்தை, அதாவது ஆர்சனிக் டிரைஆக்சைடை மட்டுமே கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே நோய்: அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்று. 86 சதவீதம் பேருக்கு நோயின் சுவடு மறைந்தது.

இந்நோயில் 15, 17ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்கின்றன. அதில் பிறக்கும் பிஎம்எல்-ராரா என்ற ஒட்டுப்புரதம் இளம் வெள்ளணுக்களை முதிரவிடாது. டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை டிரம்முக்குப் போகவிடாமல் ஒரு மேஸ்திரி மறித்து நிற்கிறார் என்று வையுங்கள். தோல் வாசல்வரை குவிகிறது. கீமோதெரபி குவியலை அள்ளி எறியும். நாலு நல்ல தொழிலாளியும் கூடவே போவார்கள். ஆர்சனிக் நேரே மேஸ்திரியின் சட்டையைப் பிடிக்கிறது. புரதத்தின் பிஎம்எல் பாதியில் உள்ள சிஸ்டீன்களின் கந்தகத்தோடு அது பிணைந்ததும், சுமோ என்ற குட்டிப்புரதம் அவர் முதுகில் சீட்டு ஒட்டுகிறது. சீட்டைப் பார்த்து ஆர்என்எஃப்4 என்ற நொதி வந்து யுபிக்விட்டின் முத்திரை குத்துகிறது. முத்திரை விழுந்தவரைப் புரோட்டியசோம் பொடிப்பொடியாக நறுக்கிவிடும். வழி திறந்ததும் தேங்கிய தோலெல்லாம் டிரம் ஏறி, பதமாகி, ஷூவாகி, கப்பலும் ஏறிவிடும். (மேஸ்திரிகள் மன்னிக்க.) முதிர்ந்த வெள்ளணு தன் வேலையை முடித்துத் தானாகவே சாகும்.

வரலாறு கேட்பவர்களுக்கு: 1786இல் தாமஸ் ஃபவுலர் ஆர்சனிக் கரைசலை மருந்தாக்கினார், 1970களில் சீனாவின் ஹார்பின் மருத்துவர்கள் ஆர்சனிக்கை இந்த லுகேமியாவுக்குக் கொண்டுவந்தார்கள். சித்த மருத்துவத்திலும் பாஷாணம் உண்டுதான். ஆனால் சீட்டு ஒட்டும் கதை இந்த நூற்றாண்டில்தான் தெளிந்தது.

2010இல் வேலூர்க் குழு அந்த 72 பேரைப் பற்றி மீண்டும் கணக்குக் கொடுத்தது: ஐந்தாண்டு உயிர்வாழ்வு சுமார் 74 சதவீதம். தொடக்கத்தில் வெள்ளணு குறைவாகவும் தட்டணு ஓரளவு நன்றாகவும் இருந்த 22 பேரில் ஒருவரும் அதுவரை இறக்கவில்லை. முதல் கட்டம் முடிந்தபின் வெளிநோயாளியாக வந்தே மருந்து ஏற்றிக்கொண்டார்கள்.

இதை வைத்துச் சூரணம் விற்பவர்களிடம் ஒன்று கேளுங்கள்: மார்பகப் புற்றிலும் வாய்ப் புற்றிலும் இந்த மேஸ்திரி எங்கே இருக்கிறார்? இல்லாதவர் சட்டையை எதைக் கொண்டு பிடிப்பது? ஆர்சனிக் கலந்த தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் தோலிலும் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்று வரக்கூடும். மருத்துவமனையில்கூட, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் என்று அளந்து, இதயத் துடிப்பைக் கண்காணித்துத்தான் ஏற்றினார்கள்.

இந்த லுகேமியா உயிரைப் பறிப்பது பெரும்பாலும் முதல் சில நாட்களில், ரத்தக்கசிவால். ஈறில் ரத்தம் நிற்கவில்லை, அடிபடாமலே உடம்பில் கன்றல் என்றால், வாட்ஸ்அப்பை மூடிவிட்டு அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.