ஒரு சொட்டும் மண்ணில் விழாமல்...!

மழைக்காலத்தின் ஒரு காலைப் பொழுது. பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர் கையில் வாளியுடன் எங்கள் வாசலில் வந்து நின்றார். வாளி நிறையத் தண்ணீர். அதன் மேல் வானவில் நிறங்களாய் மினுமினுக்கும் மெல்லிய படலம்.

"தம்பி, ரெண்டு நாளா எங்க கிணத்துத் தண்ணி இப்படித்தான் வருது. இதுல எப்படி ஒளூ செய்றது? பேரப் பிள்ளைக்கு எப்படிக் கஞ்சி காய்ச்சுறது?" என்று கேட்டார்.

அவருக்குக் காரணம் தெரியவில்லை. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சிறிய காருக்கு நானே எண்ணெய் மாற்றுவேன். கழற்றிய பழைய எண்ணெயை, மதிலோரத் தென்னைக்குப் பக்கத்தில் வெட்டிய குழியில் ஊற்றி மண்ணைத் தள்ளிவிடுவேன். வாசலில் ஒரு கறையும் இல்லை, வேலை சுத்தம் என்று எனக்குள் பெருமையும் கொள்வேன். அந்தக் குழிக்கும் அவர்கள் கிணற்றுக்கும் இடையே எட்டடி தூரம்தான். நடுவில் ஒரு மதில். மதில் மேலே தடுக்குமேயன்றி மண்ணுக்குக் கீழே தடுக்குமா?

கறை படாமல் எண்ணெய் மாற்றுவது எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். கறை என்பது சட்டையிலும் தரையிலும் படுவது மட்டுமன்று என்பதை அன்று கற்றுக்கொண்டேன். கற்ற பாடத்தை வாசக அன்பர்களுக்கும் சொல்லிவிடுவது என் கடமை.

வடிகட்டி செய்யும் வேலை

எங்களுடையது மாருதி 800. 1983 டிசம்பரில் முதல் வண்டி விற்பனைக்கு வந்து, 2014இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட கார் அது. மூன்று சிலிண்டரும் 796 சி.சி. கொள்ளளவும் கொண்ட அதன் எஞ்சின் எளிமையானது. வண்டிக்கு உடையவர் சபரில் இருக்க, வீட்டிலிருக்கும் பிள்ளைகளே பழகிப் பராமரிக்கும் பழைய சிறு கார்கள் நம் குடும்பங்களில் இன்றும் உண்டு. அத்தகையோருக்கு இவ்வேலை கைக்கு எட்டாததன்று.

எஞ்சினுக்குள் ஓடும் எண்ணெய், உராய்வைக் குறைப்பதோடு, வெப்பத்தைக் கடத்தி, உலோகத் துகள்களையும் கரியையும் தன்னோடு சுமந்து செல்கிறது. அந்த அழுக்கைப் பிடித்து வைப்பதே 'ஆயில் ஃபில்டர்' எனப்படும் எண்ணெய் வடிகட்டி. 1923இல் எர்னஸ்ட் ஸ்வீட்லண்ட் என்ற அமெரிக்கர் மோட்டார் வண்டிக்கான எண்ணெய் வடிகட்டியை உருவாக்கினார். இன்று நாம் காணும் தகர டப்பா போன்ற வடிகட்டிக்குள் மடிப்பு மடிப்பான தாள் இருக்கும். வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். தாள் அடைத்துக்கொண்டால் எண்ணெய் நின்று எஞ்சின் கெட்டுவிடாதபடி மாற்றுவழி திறக்கும் வால்வு ஒன்றும் உண்டு. ஆனால் அவ்வழியே செல்வது வடிகட்டப்படாத எண்ணெய். ஆகவேதான் எண்ணெய் மாற்றும்போது வடிகட்டியையும் மாற்றிவிடுவது நல்லது.

எப்போது மாற்றுவது? இன்றைய சிறு கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முன்னதோ அது. பழைய வண்டிகளுக்கும், புழுதியிலும் நெரிசலிலும் ஓடுபவற்றுக்கும் இடைவெளி குறையும். வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. உத்தரவாதக் காலம் முடியாத புதிய வண்டியாயின் நிறுவனத்தின் பணிமனையிலேயே விட்டுவிடுங்கள்.

தொடங்குமுன்

கையேட்டில் சொன்ன தரத்திலும் அளவிலும் எண்ணெய், உங்கள் வண்டிக்குரிய புதிய வடிகட்டி, வடிகால் போல்ட்டுக்குப் புதிய வாஷர், பொருத்தமான ஸ்பானர், வடிகட்டியைக் கழற்றும் பட்டை ஸ்பானர், எஞ்சினில் உள்ள எண்ணெய் முழுவதையும் கொள்ளும் அகன்ற தட்டு, புனல், மூடியுள்ள காலி எண்ணெய்க் கேன், கனமான பிளாஸ்டிக் பை, கையுறை, பழைய செய்தித்தாள், மரத்தூள், துணி ஆகிய அனைத்தையும் முதலில் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி வேலையில் எழுந்து ஓடும்போதுதான் தட்டு கவிழும்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இனி ஒரு கண்டிப்பான சொல்: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு வேண்டும். செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் எதிர்பாராமல் நொறுங்கிவிடும். ஸ்டாண்டு இல்லையென்றால் இந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். மிச்சமாகும் சில நூறு ரூபாய் ஓர் உயிருக்கு ஈடாகாது. குழந்தைகளை வீட்டிற்குள் இருத்திக்கொள்ளுமாறு வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

எண்ணெயை வடித்தல்

எஞ்சினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இளஞ்சூட்டில் எண்ணெய் இளகி, அழுக்கையும் அடித்துக்கொண்டு இறங்கும். நெடுந்தூரம் ஓடி வந்த வண்டியில் உடனே கை வைக்காதீர்கள்; கொதிக்கும் எண்ணெய் தோலை வெந்துபோகச் செய்யும்.

தரையில் செய்தித்தாளைப் பல மடிப்பாக விரித்து அதன் மேல் தட்டை வையுங்கள். எண்ணெய் முதலில் நேர்கீழே விழாமல் சற்றுத் தள்ளிப் பாயும் என்பதை நினைவில் வைத்து, தட்டை அதற்கேற்ப நகர்த்துங்கள். மேலே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்துவிடுங்கள். வடிகால் போல்ட்டை ஸ்பானரால் இளக்கியபின், விரலால் உள்நோக்கி அழுத்திப் பிடித்தபடியே சுழற்றுங்கள். கடைசிப் புரி கழன்றது தெரிந்ததும் சட்டென விலக்கினால் போல்ட் தட்டுக்குள் விழாது, கையும் நனையாது. கால் மணி நேரம் காத்திருங்கள். பிறகு புதிய வாஷருடன் போல்ட்டை முடுக்குங்கள். அளவுக்கு மீறி முறுக்கினால் புரி கெட்டுவிடும்.

வடிகட்டியைக் கழற்றுதல்

வீட்டில் நடக்கும் அசுத்தத்தில் பெரும்பங்கு இங்கேதான். வடிகட்டிக்குள் தேங்கியிருக்கும் எண்ணெய், இளக்கிய உடனே விளிம்பெங்கும் வழிந்து எஞ்சின் மேலும் கைகளிலும் ஓடும். அதற்கு எளிய உபாயம் பிளாஸ்டிக் பை.

வடிகட்டியைப் பட்டை ஸ்பானரால் அரைச் சுற்று மட்டும் இளக்குங்கள். உடனே பையை அதன் மேல் முழுவதுமாகப் போர்த்தி, பையின் வாயை மேலே இறுகப் பிடித்து, பைக்கு வெளியிலிருந்தே கையால் சுழற்றுங்கள். வழிவதெல்லாம் பைக்குள் இறங்கும். கழன்றதும் வடிகட்டியின் வாய் மேல்நோக்கி இருக்குமாறு பையோடு எடுத்துத் தட்டில் வையுங்கள். இளக மறுத்தால் உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் திருப்பும் வழக்கம் வேண்டாம். தகரம் கிழிந்து எண்ணெய் கொட்டுமே தவிர, வடிகட்டி கழலாமலும் போகலாம்.

அடுத்து, பழைய ரப்பர் வளையம் வடிகட்டியோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். அது எஞ்சினில் ஒட்டியிருக்க, அதன் மேலேயே புதியதைப் பொருத்தினால், எஞ்சின் ஓடும்போது அழுத்தம் தாளாமல் எண்ணெய் பீறிட்டு வெளியேறும். பொருத்தும் இடத்தைச் சுத்தமான துணியால் துடைத்து, புதிய ரப்பர் வளையத்தில் புதிய எண்ணெயை விரலால் தடவி, கையாலேயே சுழற்றுங்கள். வளையம் தொட்டபின் பொதுவாக முக்கால் சுற்று போதும். வடிகட்டியின் மேல் வேறு அளவு அச்சிடப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். முடுக்குவதற்கு ஸ்பானர் வேண்டாம்.

கையேட்டு அளவைவிடச் சற்றுக் குறைவாகவே முதலில் எண்ணெய் ஊற்றி எஞ்சினை ஓட்டுங்கள். எண்ணெய் அழுத்த விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். கசிவு இல்லையென்று கண்டபின் எஞ்சினை நிறுத்தி, வண்டியைத் தரையில் இறக்கி, ஐந்து நிமிடம் கழித்து அளவுக் கம்பியைப் பாருங்கள். எண்ணெய் இரு குறிகளுக்கு இடையே, மேற்குறியைத் தாண்டாமல் நிற்குமாறு சிறிது சிறிதாக ஊற்றி முடியுங்கள்.

வேலை இன்னும் முடியவில்லை

இங்கேதான் நான் தவறினேன். ஒரு முறை எண்ணெய் மாற்றும்போது கிடைக்கும் பழைய எண்ணெய், பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கூறுகிறது. ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர்! நம் நாட்டிலும் பயன்படுத்திய எண்ணெய் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்கு உட்பட்டது; அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமே அது சென்று சேர வேண்டும்.

ஆகவே தட்டிலுள்ள எண்ணெயைப் புனல் வைத்துக் கேனில் ஊற்றி இறுக மூடுங்கள். பெட்ரோல், தண்ணீர், ரேடியேட்டர் திரவம் எதையும் அதில் கலக்காதீர்கள். 'பழைய எண்ணெய்' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். ஒரு குழந்தையின் தாகம் அதை அறியாது. வடிகட்டியை ஓர் இரவு கவிழ்த்து வடியவிட்டு, அதையும் பையில் கட்டுங்கள். கழிவு எண்ணெயை முறையாகச் சேகரித்து அனுப்பும் பணிமனையில் இரண்டையும் ஒப்படையுங்கள். எண்ணெய் வாங்குமுன்பே இந்த இடத்தை விசாரித்து வைத்துக்கொள்வது நலம்.

வேலிக் கால்களுக்குப் பூசுவது, அடுப்பில் எரிப்பது, சாக்கடையில் விடுவது ஆகிய மூன்றும் கூடா. தரையில் சிந்தியதை மரத்தூள் தூவி ஊறவிட்டுக் கூட்டி அள்ளுங்கள். குழாயைத் திறந்து தெருவுக்குத் தள்ளாதீர்கள். பழைய எண்ணெய் அடிக்கடி நெடுநேரம் தோலில் படுவது புற்றுநோய்க்கும் இடந்தரக் கூடியது. கையுறையை மீறிக் கையில் பட்டால், சிறிது தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, சோப்பிட்டுக் கழுவுங்கள்.

அன்று அந்த மூதாட்டியிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். எண்ணெய் ஊறிய குழி மண்ணைச் சாக்குகளில் அள்ளிக் கழிவு எண்ணெய் சேகரிப்பவரிடம் கொடுத்தேன். ஆட்களை வைத்துக் கிணற்றை இரண்டு முறை இறைத்தேன். படலம் மறையும் வரை அவர்கள் வீட்டுக்கு நாள்தோறும் நல்ல தண்ணீர் சுமந்து கொடுத்தேன். அவர் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

இப்போது எங்கள் வாசலில் எண்ணெய் மாற்றும் நாளில் மூடிய கேன் ஒன்று வெளியே புறப்பட்டுச் செல்லும். அது சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தபின்புதான் கையைக் கழுவிக்கொண்டு, வேலை முடிந்தது என்று சொல்வேன்.