தேவகிரிக் கோட்டையில் ஒரு பகல்

விடுமுறை என்றால் மும்பைவாழ் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊர்ப் பயணம்தான். நெல்லைக்கோ தூத்துக்குடிக்கோ போய்த் திரும்பவே நாட்கள் சரியாகிவிடும். நாம் பிழைக்க வந்த மராட்டிய மண்ணைப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்ட நேரம் கிடைப்பதில்லை. தாராவியில் பிறந்த என் பிள்ளைகளுக்குக் கோட்டை என்றால் காலா கில்லாதான். 1737இல் ஆங்கிலேயர் கட்டிய அதையும் பேருந்து நிறுத்தத்தின் பெயராகவே அறிவார்கள். எனவே தீபாவளி விடுமுறையில் என் தாயார், துணைவியார், மகன், மகள் என ஐவராகத் தேவகிரிக்குப் புறப்பட்டோம். தௌலதாபாத் என்பதும் இதே ஊர்தான்.

கோட்டையின் பெயரையே தாங்கிய தேவகிரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினோம். விடியுமுன் ஔரங்காபாத் வந்துவிட்டது. 2023இல் அந்த நகரின் பெயர் சத்ரபதி சம்பாஜிநகர் என்று மாற்றப்பட்டது. அங்கிருந்து எல்லோரா செல்லும் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் போனால் கோட்டை.

மதிலுக்குள் மதில்

இது வெறும் மலைக்கோட்டை அன்று. மதில் சூழ்ந்த ஒரு நகரம். ஊர்மக்கள் வாழ்ந்த பகுதியைச் சுற்றி அம்பர்கோட்டை, அதற்குள் மகாகோட்டை, அதற்கும் உள்ளே காலாகோட்டை. யானை முட்டித் திறக்காதபடி வாயிற்கதவுகளில் இரும்பு முட்கள். நடுவே சுமார் 200 மீட்டர் உயரக் குன்று. அதன் அடிப்பாறையை ஏணி வைக்கவும் இடமின்றிச் செங்குத்தாகச் செதுக்கி, சுற்றிலும் அகழி வெட்டியிருக்கிறார்கள். அகழியைக் கடந்தால் பாறையைக் குடைந்த இருட்டுப்பாதை. 'அந்தேரி' என்று அதற்குப் பெயர். "சர்ச்கேட் வண்டி இங்கே நிற்குமா அப்பா?" என்றான் மகன். வௌவால்கள் சிறகடித்ததும் என் கையைப் பற்றிக்கொண்டான்.

யாதவ மன்னர் ஐந்தாம் பில்லமர் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதைத் தலைநகராக்கினார். 1296இல் அலாவுதீன் கில்ஜி திடீரெனத் தாக்கிப் பெருஞ்செல்வம் கொண்டுபோனார். அவருடைய தளபதி மாலிக் காஃபூர் 1311இல் மதுரை வரை வந்ததைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்தப் படை இவ்வழியாகத்தான் தெற்கே இறங்கியது.

ஆணையால் வந்த நகரம்

துக்ளக் என்றதும் நமக்குச் சோவின் நாடகம் நினைவுக்கு வரும். அந்த முகமது பின் துக்ளக் 1327 வாக்கில் தேவகிரிக்குத் தௌலதாபாத் என்று பெயரிட்டு இரண்டாம் தலைநகராக்கினார். டில்லியின் பிரபுக்கள், அலுவலர்கள், சமய அறிஞர்கள், கைவினைஞர்கள் குடும்பத்தோடு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து இங்கே வந்து சேர்ந்தார்கள்.

1335 வாக்கில் மதுரையில் இருந்த ஆளுநர் ஜலாலுதீன் அஹ்சன் கான் தனியரசு அறிவித்தார். அவரை அடக்கப் புறப்பட்ட சுல்தானின் படை வாரங்கலில் கொள்ளைநோய்க்கு இரையானது. அதன்பின், விரும்பியவர்கள் டில்லி திரும்பலாம் என்று புதிய ஆணை பிறந்தது.

படியில் அமர்ந்து இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் தாயார் கேட்டார்: "ராசா சொன்னாருன்னு அம்புட்டுப் பேரும் வந்தாவளே, திரும்பிப் போன்னதும் கட்டுன வீடு வாசல் என்ன ஆச்சுதாம்?"

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. 2024 மார்ச்சில் தாராவி மறுசீரமைப்புக் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து நம் வீடுகளிலும் இதே பேச்சுத்தானே! 2000 ஜனவரி 1க்கு முன்பே குடியிருந்ததற்குத் தாள் இருக்கிறதா, மாடியில் இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்காத நாளில்லை. சதுப்பு நிலத்தைக் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கிக் குடியேறிய தலைமுறையைச் சேர்ந்தவர் என் தாயார். அவர் கேட்டது துக்ளக்கைப் பற்றி மட்டும் அன்று.

ஆனால் அந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. எல்லாரும் திரும்பிவிடவில்லை. டில்லியிலிருந்து வந்த சூஃபி ஞானி புர்ஹானுதீன் கரீப் 1337இல் மறைந்தார். அவருடைய அடக்கத்தலம் அருகிலுள்ள குல்தாபாத்தில் இருக்கிறது. தங்கிவிட்டவர்கள் கொண்டுவந்த பேச்சு, மராத்தி, தெலுங்கு, கன்னடத்தோடு பழகித் தக்கினி என்னும் மொழியாக வளர்ந்தது. நம் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் இன்றும் கேட்பது அதன் ஒரு கிளைதான். 1347இல் பாமினி அரசின் முதல் சுல்தான் முடிசூடியதும் இந்தத் தௌலதாபாத்தில்தான்.

அனுப்பியதும் அழைத்ததும் அரசனின் ஆணை. வேர்விட்டது மக்கள். இன்று அம்பர்கோட்டையின் பெரும்பகுதி இடிந்து கிடக்கிறது. தக்கினியோ அடுப்படியில் பேசப்படுகிறது. மராத்தியும் இந்தியும் கலந்த நம் தாராவித் தமிழைக் கேட்டு ஊரில் சிரிப்பவர்களுக்கு இதைச் சொல்லலாம் என்றாள் மகள்.

போகிறவர்கள் கவனத்துக்கு: அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். வெயில் ஏறுமுன் மலையேறிவிடுங்கள். தண்ணீரும் டார்ச் விளக்கும் அவசியம். படிகள் பல நூறு. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கீழே சாந்த் மினாரையும், கோயில் தூண்களைக் கொண்டு கட்டிய பழைய மசூதியையும் பார்க்கலாம். அங்கே இப்போது பாரத மாதா சிலை இருக்கிறது. கட்டுச்சோற்றைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றுவது உங்கள் சாமர்த்தியம். திரும்பும்போது சாலையோரம் சீத்தாப்பழம் வாங்க மறவாதீர்கள். இந்த ஊர்ப் பழத்துக்குத் தனிப் பெயர். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். பிள்ளைகள் கேட்கத் தெரியாத கேள்வியை அவர்கள் கேட்பார்கள்.