தாத்தாவுக்கு சார்ஜ் தீர்ந்துடுச்சா?

குழந்தைகள் உளறுகின்றன என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. என் பேரனுக்கு நாலரை வயது. "பாட்டி, நான் விழுனேன்" என்பான். 'விழுந்தேன்' என்று திருத்தினால் முறைப்பான். யோசித்துப் பாருங்கள், ஓடுனேன், ஆடுனேன், பாடுனேன் என்று நாம்தானே பேசுகிறோம்? அந்தக் கணக்கைத் தானாகவே பிடித்து, விழுவதற்கும் போட்டுவிட்டான். யாரும் சொல்லித் தராத இலக்கணம்!

என் பல்செட்டைப் பார்த்துவிட்டு, "பாட்டி டம்ளருக்குள்ள சிரிக்கிறா" என்று தெருவுக்கே சொன்னவனும் இவன்தான்.

ரஷ்யாவில் கொர்னேய் சுக்கோவ்ஸ்கி (1882-1969) என்றொரு குழந்தை எழுத்தாளர் இருந்தார். இந்த மாதிரிப் பேச்சுகளையே வருடக் கணக்கில் சேகரித்து, 'இரண்டிலிருந்து ஐந்து வரை' என்று புத்தகம் போட்டார். 1928-ல் அது முதலில் வந்தபோது வேறு பெயர். பெற்றோர்கள் தங்கள் வீட்டு வாண்டுகள் பேசியதையெல்லாம் அவருக்குக் கடிதமாக எழுதி அனுப்புவார்களாம். நாம் இந்தப் பகுதிக்கு எழுதுவது போலத்தான்!

"நிலா நம்ம கூடவே வருது பாட்டி" என்று உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே, அந்த ஊர்க் குழந்தைகளும் இதையேதான் சொன்னதாக எழுதியிருக்கிறார். நிலா சுமார் 3,84,000 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. நாலு தெரு நடந்தாலும் அது தெரியும் திசை மாறாது. குழந்தை கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறது.

பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அப்பாவுக்கு லீவு, எனக்கு லீவு, அடுப்புக்கு மட்டும் ஏன் லீவு இல்லே?" என்று கேட்டது. அதன் பாட்டி குழந்தையைப் பார்க்கவில்லை, மருமகளைத்தான் பார்த்தார். (யார் சொல்லிக் கொடுத்தது என்று கண்டுபிடிக்கணுமாம்!)

போன வருடம் என் வீட்டுக்காரர் தவறிப் போனார். பேரன் பெங்களூரில் இருப்பதால், தினமும் ராத்திரி ஏழு மணிக்கு இரண்டு பேரும் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். கூடத்தில் கிடத்தியிருந்தவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "தாத்தாவுக்கு சார்ஜ் தீர்ந்துடுச்சா? போடுங்களேன்" என்றான். யாருக்கும் வாயில் பேச்சு வரவில்லை. உறவுக்காரம்மா ஒருவர் சமாளிக்கிறேன் பேர்வழி என்று, "தாத்தா தூங்குறார்டா கண்ணா" என்று சொல்லி வைத்தார். வினை அங்கேதான். மூன்று நாள் அவன் தூங்க மறுத்தான். கண் சொருகினால் எழுந்து உட்கார்ந்து அழுவான். "நான் தூங்கினா என்னையும் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

காத்துக் கருப்பு என்று மந்திரிக்கச் சொன்னவர்களும் உண்டு. என் மருமகள் கேட்கவில்லை. அவனை மடியில் உட்கார வைத்து, "தாத்தா தூங்கலைடா, செத்துப் போயிட்டார். அவர் நெஞ்சு துடிக்கிறது நின்னுடுச்சு, இனிமே வரமாட்டார். தூங்குறது வேற. தூங்குறப்ப உன் நெஞ்சு துடிச்சிக்கிட்டே இருக்கும், பாரு" என்று அவன் கையை எடுத்து அவன் மார்பிலேயே வைத்தாள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கும் அந்த வார்த்தை சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால், அவன் அன்று ராத்திரி கையை மார்பில் வைத்தபடியே தூங்கிப் போனான்.

ஊருக்குக் கிளம்பும்போது என்னிடம், "பாட்டி, தாத்தா பேசுற நேரத்தையும் சேர்த்து நீயே பேசிடு" என்றான். பத்து நிமிடத்தில் முடிந்த பேச்சு இப்போதெல்லாம் அரை மணி நேரம் ஆகிறது.

- ஒரு வாசகி, கும்பகோணம்.