ஒட்டகத்துக்கு ஒரு கண் குருடு, தெரியுமா?

2011இல் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு வந்த மீன் சந்தைக்கு விடியப்புறம் போனால் ஒரு துப்பறிவாளரை நேரில் பார்க்கலாம், தெரியுமா? சாரத்தை மடித்துக் கட்டிய சில்லறை வியாபாரிதான் அவர். பாரையின் செவுளை ஒரு விரலால் தூக்குவார்: சிவப்பா, மண்ணிறமா? கண்ணைப் பார்ப்பார்: மினுங்குகிறதா, குழி விழுந்துவிட்டதா? வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "முதலாளி, இது முந்தநாள் மீன்" என்பார். முதலாளி வாயே திறக்க மாட்டார்!

பொலிஸும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஆறுதலாகப் பார்த்தே உண்மையைப் பிடிக்கும் இந்த வித்தையில், கதையுலகின் மூத்தவர்கள் நம் தீவுக்காரர்கள் என்றால் நம்புவீர்களா? 1557இல் வெனிஸில் அச்சான இத்தாலியப் புத்தகம் ஒன்றின் நாயகர்கள் செரெண்டிப் நாட்டு இளவரசர் மூவர். செரெண்டிப் வேறெதுவுமில்லை, இலங்கைதான்! காணாமல் போன ஒட்டகத்தைக் கண்ணால் காணாமலே, "அதற்கு ஒரு கண் குருடு, ஒரு பல் இல்லை, ஒரு கால் நொண்டி" என்று அடுக்குகிறார்கள். எப்படி? வழியோரப் புல்லை ஒரு பக்கம் மட்டும் மேய்ந்திருந்தது, அதுவும் பச்சை குறைந்த பக்கம்! வழியின் ஒரு ஓரத்தில் எறும்பு மொய்த்தது, மறு ஓரத்தில் ஈ. அப்படியானால் சுமை ஒருபுறம் வெண்ணெய், மறுபுறம் தேன். இத்தனை சொன்னதற்குப் பரிசு? திருடர்கள் என்று சிறை! ஒட்டகம் அகப்பட்ட பிறகுதான் விடுதலை.

இந்தக் கதையை நினைத்துத்தான் ஹொரஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் 1754 ஜனவரி 28ஆம் திகதி எழுதிய கடிதத்தில், எதிர்பாராமல் கிடைக்கும் நல்ல கண்டுபிடிப்பைக் குறிக்கும் 'செரண்டிப்பிட்டி' என்ற சொல்லையே உண்டாக்கினார். பாவம், கதை அரைகுறையாகத்தான் நினைவிருந்தது போலும். ஒட்டகத்தைக் கோவேறு கழுதை ஆக்கிவிட்டார்!

அதே ஒட்டகம் தமிழிலும் நடந்திருக்கிறது. அலகேச கதையில் துப்பறிபவர்கள் நால்வர். இங்கே ஒட்டகத்துக்கு வால் வேறு கட்டை. வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக இரத்தம். கடித்த நுளம்பை விரட்ட வால் எட்டவில்லையாம்! எனக்கு இளவரசர்களின் எறும்பைவிட இந்த நுளம்பைத்தான் பிடிக்கும். இக்கதையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன பண்டிதர் நடேச சாஸ்திரிதான், 1894இல் தானவன் என்ற பொலிஸ் நிபுணனைப் படைத்துத் தமிழ்த் துப்பறியும் கதைக்கும் முன்னோடியானார்.

ஷெர்லொக் ஹோம்ஸும் நம் தீவின் திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களின் வழக்கைத் துலக்கியது தெரியுமா? 1891இல் வெளியான 'எ ஸ்கண்டல் இன் பொஹீமியா' கதையில் அவருடைய நண்பர் வட்சன் அதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்!

2022இல் புக்கர் பரிசு வென்ற நம்மவர் ஷெஹான் கருணாதிலகவின் நாவலில் கொலையுண்டவரே துப்பறிகிறார், கெடு ஏழு இரவுகள். அவருடைய முந்தைய நாவல் 'சைனாமேன்' (2010) இன்னும் ஆறுதலானது. குடியால் ஈரல் கெட்ட கிழட்டு விளையாட்டுச் செய்தியாளர் ஒருவர், மறைந்துபோன தமிழ்ச் சுழற்பந்து வீச்சாளர் பிரதீப் மெத்யூவைத் தேடுகிறார். மெத்யூ ஒரு கற்பனை ஆள். அது தெரிந்தும், பழைய ஸ்கோர் அட்டைகளை நான் இரண்டு நாள் புரட்டினேன்!