அணைக்கு அருகே வறண்ட தொகுதி: எடப்பாடி பழனிசாமியின் அரசியலும் ஏரி நீரும்

சேலம் மாவட்டம் மேட்டூர் வட்டத்தைச் சேர்ந்த ஜலகண்டாபுரம் பேரூராட்சி, சட்டமன்றத் தேர்தலில் மேட்டூருக்கு அல்லாமல் எடப்பாடித் தொகுதிக்கே வாக்களிக்கிறது. அத்தொகுதியின் மேற்கு விளிம்பில் பூலாம்பட்டியை ஒட்டிக் காவிரி ஓடுவதால் அப்பக்கத்து வயல்களுக்கு ஆற்று நீரும் மேட்டூர் கிழக்குக்கரைக் கால்வாய் நீரும் கிடைக்கின்றன. ஜலகண்டாபுரம், நங்கவள்ளி, கொங்கணாபுரம் ஆகிய பேரூராட்சிகளைச் சுற்றியுள்ள மேட்டுக்காடுகளோ மழையையும் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பி நிலக்கடலை, பருத்தி, மரவள்ளி முதலியவற்றை விளைவிக்கின்றன. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை இவ்வூர்களுக்கு மிக அருகிலேயே இருந்தும் அதன் நீர் நெடுங்காலம் இங்கு வராததற்குக் காரணம் எளியது: அணை முதன்மையாகக் காவிரிக் கழிமுகப் பாசனத்துக்கென எழுப்பப்பட்டது, மேட்டுநிலம் நீர்த்தேக்கத்தைவிட உயரத்தில் கிடப்பதால் கால்வாய் வெட்டி நீரைத் தானாக ஓடச் செய்ய இயலாது.

இத்தொகுதியின் உறுப்பினராகப் பலமுறை தேர்ந்தெடுக்கப்பட்ட எடப்பாடி கே. பழனிசாமி, 1954-இல் எடப்பாடியை அடுத்த சிலுவம்பாளையத்தில் வேளாண் குடும்பத்தில் பிறந்து, ஈரோடு வாசவி கல்லூரியில் பயின்று, வெல்ல வணிகத்தில் ஈடுபட்டிருந்தபோது 1974-இல் அ.தி.மு.க.வில் சேர்ந்தவர். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் கட்சி பிளவுபட்டு 1989 தேர்தலைச் சந்தித்தபோது, ஜெயலலிதா அணியின் சேவல் சின்னத்தில் நின்று எடப்பாடியில் முதன்முறை வென்றார், 1991-இலும் வென்றார். ஆனால் 1996, 2001, 2006 ஆகிய மூன்று தேர்தல்களிலும் இத்தொகுதி பாட்டாளி மக்கள் கட்சிக்குச் சென்றது. 1998-இல் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவைக்குத் தேர்வான அவர், 1999-இலும் 2004-இலும் அங்கே தோற்று, 2006-இல் சொந்தத் தொகுதியிலும் பா.ம.க.வின் வி. காவேரியிடம் தோற்றார்.

பின்னாளைய கொள்கை முடிவுகளை விளங்கிக்கொள்ள வெற்றிகளைவிட இத்தோல்விகளே பயன்படுகின்றன. கொங்கு வேளாளர் சமூகத்தவரான பழனிசாமியின் தொகுதியில், பா.ம.க.வின் ஆதரவுத் தளமான வன்னியர்கள் பெரும் எண்ணிக்கையில் வாழ்கின்றனர். 2016-இல்கூட அவருக்கு அடுத்த இடத்தைப் பெற்றவர் பா.ம.க. வேட்பாளரே. முதலமைச்சராக இருந்த அவர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான இருபது விழுக்காட்டுக்குள் வன்னியருக்கு 10.5 விழுக்காட்டைத் தனியே ஒதுக்கும் சட்டத்தை 2021 பிப்ரவரி 26 அன்று, தேர்தல் அட்டவணை அறிவிக்கப்பட்ட அதே நாளில், பேரவையில் நிறைவேற்றியதை இப்பின்னணியிலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம். பா.ம.க. கூட்டணியில் இருந்த அத்தேர்தலில் அவர் 93,802 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் ரத்து செய்ய, உச்ச நீதிமன்றம் 2022 மார்ச்சில் அத்தீர்ப்பை உறுதிப்படுத்தியது.

சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் தம் விருப்பப்படி பணிகளைப் பரிந்துரைக்கக்கூடிய தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டுக்கு 2.5 கோடி ரூபாயிலிருந்து 2019-இல் 3 கோடியாக உயர்த்தப்பட்டது. சமுதாயக் கூடம், தெருச் சாலை, பள்ளிக் கட்டடம் ஆகியவற்றுக்கு அத்தொகை போதும். ஏரிக்கு நீர் கொண்டுவரப் போதாது. அமைச்சராகவோ முதலமைச்சராகவோ இருக்கும் உறுப்பினரின் தொகுதிக்கும் பிற தொகுதிகளுக்கும் உள்ள வேறுபாடு இங்குதான் தெரிகிறது. 2011-இல் நெடுஞ்சாலைத் துறை அமைச்சரான பழனிசாமி, 2016-இல் பொதுப்பணித் துறையையும் பெற்று, 2017 பிப்ரவரி 16 அன்று முதலமைச்சரானார். அடுத்த மாதமே, ஏரிகளையும் கால்வாய்களையும் பாசன விவசாயிகளின் பங்களிப்போடு தூர்வாரும் பழைய வழக்கமான குடிமராமத்து, 100 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் 1,519 பணிகளோடு மீண்டும் தொடங்கப்பட்டது. ஆயினும் தூர்வாரிய ஏரிக்கும் நீர்வரத்து வேண்டும். சேர்வராயன் மலையில் தோன்றி ஓமலூர், எடப்பாடி வழியாகக் காவிரியில் கலக்கும் சரபங்கா நதியோ மழைக்காலம் தவிர்த்த மாதங்களில் பெயரளவுக்கே ஆறு.

சரபங்கா வடிநிலத்திலுள்ள 100 வறண்ட ஏரிகளுக்கு மேட்டூர் அணையின் உபரிநீரை, அதாவது அணை நிரம்பிய பின் வெள்ளமாக வெளியேறும் நீரை, இறைத்துக் கொண்டுசெல்லும் 565 கோடி ரூபாய்த் திட்டம் இதற்கு விடையாக முன்வைக்கப்பட்டது. 2020 மார்ச்சில் எடப்பாடியை அடுத்த இருப்பாளியில் அடிக்கல் நாட்டப்பட்டு, அடுத்த ஆண்டு பிப்ரவரியில் முதற்கட்டம் தொடங்கப்பட்டது. அணையின் இடப்பக்கத்திலுள்ள திப்பம்பட்டியில் மோட்டார்கள் நீரை மேலேற்ற, குழாய் வழியே எம். காளிப்பட்டி ஏரியை அடையும் நீர் அங்கிருந்து பிற ஏரிகளுக்குப் பிரிகிறது. வெள்ளாளபுரம், கண்ணந்தேரி ஏரிகளில் மறுபடியும் இறைக்கப்படுகிறது. மேட்டூர், ஓமலூர், எடப்பாடி, சங்ககிரி வட்டங்களில் 4,238 ஏக்கர் பயன்பெறும் என்பது அரசுக் கணக்கு. ஏரி நிரம்பினால் சுற்றுவட்டக் கிணறுகளில் ஊற்று ஏறும் என்பதால், நேரடிப் பாசனத்தைவிட நிலத்தடி நீரே மேட்டுக்காட்டு விவசாயிக்குப் பெரிது.

உபரிநீரைத்தான் எடுக்கிறோம் என்ற அரசின் விளக்கத்தைக் கழிமுக மாவட்ட விவசாய அமைப்புகள் ஏற்கவில்லை. குழாய் பதித்த பிறகு பற்றாக்குறை ஆண்டிலும் நீர் எடுக்கப்படலாம் என்று அவை அஞ்சின. மேட்டுநில விவசாயிக்கு உள்ள சிக்கல் இதற்கு நேர் எதிரானது. 2013-க்குப் பிறகு அணை 2018-இல்தான் முழு நீர்மட்டமான 120 அடியை எட்டியது. இடைப்பட்டவை போன்ற ஆண்டுகளில் இத்திட்டம், விதிப்படி நடந்தால், ஒரு சொட்டு நீரும் தராது. வறட்சி நிவாரணமாக மேடைகளில் பேசப்பட்ட ஒன்று, வறட்சி ஆண்டில் இயங்க முடியாத அமைப்பு என்பது அதன் வடிவத்திலேயே உள்ள முரண்.

தம்மை விவசாயி என்றே அறிமுகப்படுத்திக்கொள்ளும் பழனிசாமியின் வேளாண் கொள்கையிலும் ஒரே நேர்கோடு இல்லை. காவிரிக் கழிமுகத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை 2020 பிப்ரவரியில் கொண்டுவந்ததும், 2021-இல் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்ததும் அவர் அரசே. சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்காகத் தம் மாவட்ட விவசாயிகளின் நிலத்தைக் கையகப்படுத்த முனைந்ததும், ஒன்றிய அரசின் மூன்று வேளாண் சட்டங்களை ஆதரித்ததும் அவர் அரசே.

ஜலகண்டாபுரம் வட்டாரத்தின் பிழைப்பு விவசாயத்தோடு முடிவதில்லை. விளைச்சல் பொய்க்கும் குடும்பங்களைத் தாங்குவது கைத்தறியும் விசைத்தறியும்தான். நூல் விலை, கூலி உயர்வு, மின்கட்டணம் ஆகியவையே தறிக்காரரின் கோரிக்கைகள். இரு மாதங்களுக்குக் கைத்தறிக்கு 200 யூனிட்டும் விசைத்தறிக்கு 750 யூனிட்டும் இலவசம் என்று 2016-இல் ஜெயலலிதா அரசு அறிவித்ததை, 2023-இல் தி.மு.க. அரசு முறையே 300, 1,000 என உயர்த்தியது. தொகுதியின் உறுப்பினர் ஆளும் வரிசையிலிருந்தாலும், 2021 மே மாதத்துக்குப் பிறகு நேர்ந்ததுபோல் எதிர்க்கட்சித் தலைவர் இருக்கையிலிருந்தாலும், யூனிட் கணக்கு தமிழகம் முழுதுக்கும் பொதுவானது. திப்பம்பட்டி மோட்டார்கள் ஓடுவதும் நிற்பதும் அப்படியல்ல.