எறிதூண்டில் இராட்டினம்

வட அமெரிக்காவின் பேரேரிகளிலும், செயிண்ட் லாரன்ஸ் நதியிலும், மிஸிஸிப்பி நதியின் மேற்பாகத்திலும் மஸ்கலஞ்சு என்னும் வேட்டைமீன் வாழ்கின்றது. நான்கடிக்கு மேலும் வளரவல்ல இம்மீன் பிற மீன்களை விழுங்கி உயிர்வாழ்வது. இதனைப் பிடிக்க விரும்புவோர், மரத்தாலேனும் ரப்பராலேனும் செய்த பெரிய பொய்யிரையை நூலிற் கட்டித் தொலைவில் எறிந்து, நீரினூடே மீள இழுத்து வருவர். நாள் முழுவதும் எறிந்தும் வெறுங்கையராய்த் திரும்புவார் பலர். இவ்வேட்டைக்குரிய எறிதூண்டில் இராட்டினத்தின் அமைப்பையும் இயக்கத்தையும் சுருங்க விளக்குதும்.

இவ்விராட்டினத்தில் நூல் சுற்றிய உருளை கோலுக்குக் குறுக்காகக் கிடக்கும். கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் பற்சக்கரங்களின் தொடர்பு நீங்கி, உருளை தடையின்றிச் சுழலும். பறந்து செல்லும் இரையே நூலை இழுத்து உருளையைச் சுழற்றுகின்றது. கைப்பிடியைத் திருப்பியவுடன் சக்கரங்கள் மீண்டும் பொருந்தும். பின்னர்க் கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்ற, உருளை பல சுற்றுச் சுற்றி நூலை விரைவில் மீட்கும்.

இதனைச் செம்மைப்படுத்தியோர் கடிகாரத் தொழிலினர் என்பது குறிப்பிடத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அமெரிக்காவிலுள்ள கெண்டக்கி மாநிலத்துப் பாரிஸ் என்னும் ஊரில் வாழ்ந்த ஜார்ஜ் ஸ்னைடர் என்னும் கடிகாரத் தொழிலாளர் நுண்ணிய பற்சக்கரங்கள் அமைந்த இராட்டினங்களைச் செய்து புகழ்பெற்றார். ஸ்வீடன் தேசத்தில் 1921-இல் தோன்றிய ஆபு என்னும் தொழிற்சாலையும் முதலில் கடிகாரங்கள் செய்ததே. அது 1952-இல் வெளியிட்ட அம்பாஸடர் 5000 என்னும் இராட்டினம் உலகெங்கும் பரவியது.

இக்கருவிக்கு இயல்பாயுள்ள இடர் ஒன்று உண்டு. எறிந்த இரை காற்றின் தடையால் விரைவு குன்றும். உருளையோ சடத்துவத்தால் முன்னைய வேகத்திலேயே சுழலும். இரை ஏற்கும் அளவினும் மிகுதியாக நூல் வெளிப்பட்டுக் குருவிக்கூடு போலச் சிக்கிக்கொள்ளும். பழகியவர் கட்டைவிரலை உருளைமேல் மெல்ல ஊன்றி இதனைத் தடுப்பர். விரலுக்குத் துணையாக இருவகைத் தடைகளும் உள. ஒன்றில், சிறு கட்டைகள் மையவிலக்கு விசையால் வெளியே தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உராயும். வேகம் இருமடங்காயின் அவ்விசை நான்மடங்காகும். மற்றொன்றில், அலுமினிய உருளை காந்தங்களினருகே சுழலுங்கால் அதனுள் எழும் சுழல்மின்னோட்டம் அச்சுழற்சியையே எதிர்க்கும். பௌதிகம் பயிலும் மாணவர், வகுப்பிற் கேட்ட விதிகள் ஒரு சிறு கருவியில் தொழிற்படுவதை ஈண்டுக் காணலாம்.

சிறு மீன்களுக்குரிய இரை பத்துப் பதினைந்து கிராம் இருத்தல் போதும். மஸ்கலஞ்சுக்குரியது நூறு கிராமுக்கு மேற்பட்டதாய், சில சமயம் ஒரு பவுண்டு எடையையும் எட்டும். அதனை எறியுந்தோறும் அச்சும் சட்டமும் பெருந்தாக்குதலை ஏற்கின்றன. ஆதலின் சட்டம் உறுதியாகவும், உருளை தடித்த பின்னல் நூலைக் கொள்ளத்தக்க அகலமாகவும் இருத்தல் வேண்டும். கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு உருளை ஏழு சுற்றுச் சுழலும் இராட்டினம் விரைவுடையதே. எனினும் நீரை எதிர்க்கும் பேரிரையை இழுக்கையில் அது கையைச் சோர்விக்கும். ஐந்து சுற்றளவில் அமைந்தது விரைவிற் குறைந்தாலும் வலிமையில் மிகும்.

இறுதியாக இழுதடையைக் கூறவேண்டும். கைப்பிடியருகேயுள்ள விண்மீன் வடிவச் சக்கரத்தைத் திருகினால், உள்ளேயுள்ள தட்டுகள் நெருங்கி உராயும். மீன் அளவுக்கு மிஞ்சி இழுக்கும்போது நூல் அறாமல் நழுவிச் செல்லும். இஃது ஆடுவோனின் வசதிக்காக மட்டும் அமைந்ததன்று. நூல் அறுமாயின், முட்கள் தைத்த வாயுடன் மீன் போய்விடும். வலியற்ற இராட்டினத்தால் போராட்டம் நீளுமாயின், கோடைகாலத்து வெந்நீரில் களைத்த மீன், விடுவிக்கப்பட்ட பின்னரும் இறத்தல் கூடும். முட்டையிடும் பருவம் எய்தப் பல்லாண்டு செல்லும் மஸ்கலஞ்சில் ஒன்று மடிதலும் ஏரிக்கு இழப்பாகும். ஆகவே அதனைப் பிடிப்போரிற் பெரும்பாலார் விரைவில் கரைசேர்த்து, முள்ளை நீக்கி, நீரிலேயே விட்டுவிடுகின்றனர். எத்துணைத் தூரம் எறிகின்றது என்பதோடு, பிடித்த உயிரை எத்துணை விரைவில் திருப்பி அனுப்ப உதவுகின்றது என்பதையும் கொண்டே நல்ல இராட்டினத்தை மதித்தல் வேண்டும்.