குப்பைத் தொட்டிக்கு பக்கத்தில் ஒரு பாட்டில்!

கடந்த 2023, மே மாதம், ஜெர்மனியில் உள்ள மியூனிக் நகரில் வசிக்கும் மகள் வீட்டிற்கு சென்று, இரண்டு மாதம் தங்கி வந்தேன். அங்கே அரண்மனை, ஏரி என்று சுற்றிப் பார்த்ததை விட, கடைத்தெருவில் கற்றுக் கொண்டது தான் அதிகம்.

போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் காபி போடப் போனால், பால் இல்லை. 'காசு குடுடி, கீழே போய் வாங்கிட்டு வர்றேன்...' என்றேன். மகள் சிரித்து, 'அம்மா, இங்கே ஞாயித்துக்கிழமை கடை திறக்க மாட்டாங்க. சனிக்கிழமையே எல்லாம் வாங்கி வெச்சுக்கணும்...' என்றாள்.

ரயில் நிலையத்துக் கடைகள், சில பேக்கரிகள் போன்றவை தவிர, மற்ற கடைகளுக்கு சட்டப்படியே விடுமுறையாம். வேறு வழியின்றி கடுங்காபி குடித்தேன். முதலில் எரிச்சலாகத் தான் இருந்தது. பிறகு, கடையில் நின்று வேலை செய்யும் பெண்களுக்கும், வாரத்தில் ஒருநாள் பிள்ளை குட்டிகளோடு இருக்க வேண்டாமா என்று தோன்றவும், மனசு சமாதானமாகி விட்டது.

அடுத்த வாரம், விக்டுவாலியன் மார்க்கெட்டிற்கு அழைத்துப் போனாள், மகள். 1807ல் துவங்கிய சந்தை அது. காய், பழம், சீஸ், பூ என, திறந்தவெளியில் வரிசையாகக் கடைகள். நம்மூர் பழக்கத்தில், தக்காளியை எடுத்து அமுக்கிப் பார்த்தேன். கடைக்காரம்மா, 'நைன், நைன்...' என்று தலையாட்டினார். அங்கே நாமே தொட்டுப் பொறுக்கக் கூடாதாம். எனக்கு வெட்கமாகி விட்டது.

ஆனால், அவரே, 'இன்றைக்கு சமைக்கவா, நாளைக்கா?' என்று, மகளிடம் கேட்டு, அதற்கேற்ற பழமாக எடுத்துக் கொடுத்தார். ஒன்று கூட சோடை இல்லை!

நம் நூல்கோல், அங்கே இலையோடு கிடைக்கிறது. பெயர், கோல்ராபி. பச்சையாகவே நறுக்கி, உப்பு தூவி சாப்பிடுகின்றனர். நான், காயைக் கூட்டு வைத்து, இலையைப் பருப்போடு கடைந்து விட்டேன். மாப்பிள்ளை, இரண்டாம் முறை கேட்டு வாங்கி சாப்பிட்டார்.

இனி, நான் சொல்ல வந்த விஷயத்திற்கு வருகிறேன்.

அங்கே தண்ணீர், ஜூஸ் பாட்டில் வாங்கினால், பாட்டிலுக்கு என்று தனியாக முன்பணம் வாங்கி விடுகின்றனர். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில், டின்னுக்கு, 25 சென்ட். அப்போது நம் பணத்தில், ஏறக்குறைய, 22 ரூபாய். காலி பாட்டிலை, கடையில் உள்ள மெஷினுக்குள் போட்டால், ரசீது வருகிறது. அதைக் கல்லாவில் கொடுத்தால், பணம் திரும்பக் கிடைக்கும். சின்ன வயதில், கோலி சோடா பாட்டிலைத் திருப்பிக் கொடுத்த ஞாபகம் வந்தது எனக்கு.

ஒருநாள் மாலை, பூங்காவில் தண்ணீர் குடித்து, காலி பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போடப் போனேன். மாப்பிள்ளை அவசரமாக, 'அத்தை, உள்ளே போடாதீங்க. தொட்டிக்கு பக்கத்துல கீழே வெச்சுடுங்க...' என்றார்.

'குப்பையை வெளியே வைக்கறதா... நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?' என்றேன். 'கொஞ்சம் பொறுத்து பாருங்க...' என்றார்.

சிறிது நேரத்தில், என் வயதை ஒத்த ஒரு அம்மாள் வந்தார். சுத்தமான கோட்டு, படிய வாரிய தலை, கையில் சக்கரம் வைத்த பை. ஒவ்வொரு தொட்டியாக, டார்ச் அடித்து எட்டிப் பார்த்து, கையை உள்ளே விட்டு, பாட்டில்களைத் துழாவி எடுத்தார். எங்கள் பக்கம் வந்ததும், கீழே இருந்த பாட்டிலைப் பார்த்தார். குனிந்து எடுத்து, பையில் போட்டு, என்னைப் பார்த்து, 'டாங்கே...' என்று சொல்லிப் போனார். அந்த ஊர் பாஷையில், நன்றி என்று அர்த்தம்.

பென்ஷன் போதாத வயதானவர்கள் சிலர், இப்படி பாட்டில் சேர்த்து, கைச்செலவிற்குப் பார்த்துக் கொள்கின்றனராம். அவர்கள் எச்சிலிலும், உடைந்த கண்ணாடியிலும் கை விடக் கூடாது என்று தான், பலரும் பாட்டிலை வெளியே வைக்கின்றனராம்.

பணக்கார நாடு என்று வாய் பிளந்து பார்த்த எனக்கு, தொண்டை அடைத்து விட்டது. அங்கேயும் கஷ்டம் இருக்கிறது. அதைப் பார்த்து ஒதுங்காமல், அந்தக் கைக்கு காயம் படக் கூடாது என்று நினைக்கும் மனசும் இருக்கிறது.

அன்றிரவு, என் வீட்டுக் குப்பை தான் நினைவிற்கு வந்தது. உடைந்த டம்ளர், ஷேவிங் பிளேடு, பழைய சாம்பார் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி, வாசலில் வைத்து விடுவேன். ஒருமுறை, குப்பை எடுக்கும் பெண், விரலில் துணி சுற்றி வந்தபோது, 'என்னாச்சு?' என்று கூட கேட்டதில்லை.

ஊர் திரும்பியதும், கண்ணாடி, பிளேடை தாளில் சுற்றி, தனி டப்பாவில் போட ஆரம்பித்தேன். பாட்டிலைக் கழுவித் துடைத்து, அட்டை, பேப்பரோடு தனிப் பையில் போட்டு, அந்தப் பெண் கையிலேயே கொடுக்கிறேன். அதை விற்கும் காசு, அவளுக்குத் தான்.

முதல் நாள் கொடுத்தபோது, 'ஏம்மா, வெளிநாடு போயிட்டு வந்து எனக்கு என்ன வாங்கியாந்தீங்க?' என்று கேட்டு சிரித்தாள்.

'இதைத் தான் வாங்கிட்டு வந்தேன்...' என்றேன். அவளுக்குப் புரிந்ததோ, இல்லையோ... உங்களுக்குப் புரியும் தானே தோழிகளே!

— ஒரு வாசகி, திண்டுக்கல்.